பெரும்பான்மையிடம் கேட்டுத்தான் நாற்காலியா?

1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1986க்குப் பிறகு பத்தாண்டு கழித்து வந்த தேர்தல் அது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி இங்கே நடந்த முதல் தேர்தலும் அதுதான். ஊராட்சித் தலைவர் பதவிகளில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல், பக்கத்து மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவை அப்படி ஒதுக்கப்பட்டவை. அடுத்த பத்தாண்டுகள் இந்த நான்கு ஊர்களிலும் தலைவர் நாற்காலியில் யாரும் நிலைத்து உட்காரவில்லை.

தேர்தல் ஆணையம் திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்தது. சில முறை வேட்புமனு வாங்க அதிகாரி உட்கார்ந்திருப்பார், மனு போட ஒருவரும் வரமாட்டார்கள். சில முறை ஆதிக்க சாதியினரே ஒரு தலித்தைக் கைகாட்டி நிறுத்துவார்கள். அவர் வெற்றிபெற்றுப் பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தையும் கொடுத்துவிடுவார். சட்டத்தை மீறியதாக யார் மீதும் வழக்குப் போட முடியாது. மனு போடாதது குற்றமா? பதவி விலகுவது குற்றமா? ஊரே சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லிவிடலாம்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு ஊர்க்கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியும். மந்தையில் தலைக்கட்டுக்கு ஒருவராக உட்காருவார்கள். யார் முன்னால் உட்காருவது, யார் ஓரத்தில் நிற்பது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே நடக்கும். காட்டு வேலைக்குக் கூப்பிடுகிறவரும் வட்டிக்குக் கொடுத்தவரும் எதிரே இருக்கையில், கூலிக்குப் போகிறவர் எழுந்து நின்று “நான் தலைவருக்கு நிற்கப் போகிறேன்” என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அந்த நான்கு ஊர்களிலும் நடந்தது பெட்டி வைக்காத ஒரு பொதுவாக்கெடுப்பு என்பதே என் வாதம். கேள்வி இதுதான்: ஒடுக்கப்பட்டவர் ஒருவர் நமக்குத் தலைவராக இருக்கலாமா? ஊர் பத்தாண்டு காலம் ‘கூடாது’ என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டி வைத்தே அப்படி ஒரு கேள்வியைக் கேட்ட நாடு ஆஸ்திரேலியா. 2023 அக்டோபர் 14 அன்று அங்கே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடியினரும் டோரஸ் நீரிணைத் தீவினரும் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் யோசனை சொல்ல ஓர் அமைப்பு வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதே முன்மொழிவு. அந்த அமைப்புக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை, எதையும் தடுக்கும் அதிகாரமும் இல்லை. சொல்லலாம், அவ்வளவுதான். 2017இல் உலுரு பாறையருகே கூடிய பூர்வகுடிப் பிரதிநிதிகள் வைத்த கோரிக்கை இது. 2022 மே மாதம் தேர்தலில் வென்று பிரதமரான அந்தோனி அல்பனீசி, வென்ற இரவிலேயே இதை நிறைவேற்றுவதாக வாக்குக் கொடுத்தார்.

முடிவு என்ன ஆனது? கிட்டத்தட்ட 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. தலைநகர்ப் பகுதி ஒன்றுதான் ஆம் என்றது. இதே நாடு 1967இல், பூர்வகுடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்று வாக்களித்த நாடு. மக்கள்தொகையில் பூர்வகுடியினர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களில் அத்தனை பேரும் ஒருவர் விடாமல் ஆம் என்று குத்தியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அவர்கள் பெரும்பான்மையாக வாழும் பல தொலைதூர இடங்களில் ஆம் என்பதே ஓங்கியிருந்தது. குவீன்ஸ்லாந்தின் பாம் தீவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆம்.

தோற்ற பிறகு வந்த எதிர்வினை ஒரே மாதிரி இல்லை. ஆதரித்து உழைத்த பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வாரம் பேச்சில்லாமல் இருப்போம் என்று அறிவித்தார்கள். தங்கள் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். இணக்கம் என்ற முயற்சியே செத்துவிட்டது என்று அவர்களில் ஒருவரான மார்சியா லாங்டன் வெளிப்படையாகச் சொன்னார். எதிர்த்தவர்களின் வாதமோ, நாட்டு மக்களை இனத்தின் பேரால் பிரிக்கக் கூடாது என்பது. விவரம் தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுங்கள் என்பதே அவர்களுடைய பிரச்சார முழக்கம். பூர்வகுடியினரிலேயே எதிர்த்தவர்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஜெசிந்தா நம்பிஜின்பா பிரைஸ், வாரன் மண்டைன் ஆகியோர் இது பிரிவினை என்றார்கள். லிடியா தோர்ப் நேர் எதிர்த் திசையிலிருந்து எதிர்த்தார். வெறும் யோசனை சொல்லும் அமைப்பு எங்களுக்கு எதற்கு, நிலத்தின் மீதான உரிமையை ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை அல்லவா வேண்டும் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே எனக்கும் படுகிறது.

மாநிலங்கள் வெவ்வேறு வழியில் போயின. தெற்கு ஆஸ்திரேலியா நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு முன்பே, யாரிடமும் வாக்குக் கேட்காமல் தன் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றி அதே போன்ற ஓர் அமைப்பை உருவாக்கி, 2024 மார்ச்சில் அதற்குத் தேர்தலும் நடத்தியது. குவீன்ஸ்லாந்தில் 2024 அக்டோபரில் ஆட்சி மாறியதும் உடன்படிக்கைக்கு வழிவகுத்த சட்டத்தையே ரத்து செய்தார்கள். நாடு வேண்டாம் என்று சொன்னது, பிறகு இதை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு ஒரு தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டது. தோற்ற வாக்கெடுப்பின் மோசமான விளைவு இது. கேட்காமல் இருந்திருந்தால் பெரும்பான்மையின் மனம் என்னவென்று திட்டமாகத் தெரியாது. கேட்டுத் தோற்றபின் மறுப்புக்கு ஒரு சட்ட மரியாதை வந்துவிடுகிறது.

சிலர் நினைக்கலாம், இது வெள்ளைக்காரர் நாட்டுக் கதை, நமக்கு என்ன என்று. நம் சென்னை மாகாணத்திலேயே வாக்கெடுப்பு நடத்தி இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 1932இல் குருவாயூர் கோயிலுக்குள் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களை விட வேண்டும் என்று கே. கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி கேட்டுக்கொண்டதால் அதை நிறுத்தினார். அன்று மலபார் சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். குருவாயூர் அடங்கிய பொன்னானி வட்டத்தில், கோயிலுக்குள் போகும் உரிமை ஏற்கெனவே உள்ள சாதி இந்துக்களிடம் ஆதரவா எதிர்ப்பா என்று வாக்குச் சேகரிக்கப்பட்டது. 20,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அதில் 77 விழுக்காட்டினர் விடலாம் என்றார்கள், 13 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள், மற்றவர்கள் நடுநிலை. ஆஸ்திரேலியாவில் கிடைக்காத வெற்றி இங்கே கிடைத்தது. ஆனாலும் குருவாயூர் கோயில் கதவு 1947 வரைக்கும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

அந்த வாக்கெடுப்பில் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வாக்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தங்களை உள்ளே விடலாமா என்ற கேள்விக்கு அவர்களைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். சாதி இந்து வாக்காளரில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம் என்று மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் மசோதா கொண்டுவந்தபோது, 1933 பிப்ரவரியில் அம்பேத்கர் அதை ஏற்க மறுத்து அறிக்கை வெளியிட்டார். தீண்டாமை பாவம் என்று நம்புகிறவர்கள் அதைப் பெரும்பான்மை வாக்குக்கு விடமாட்டார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். மந்தையில் கூடிய உசிலம்பட்டி ஊர்க்கூட்டங்களுக்கும் ஆஸ்திரேலிய வாக்குச்சாவடிகளுக்கும் சேர்த்து அன்றைக்கே அவர் பதில் எழுதிவைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. 1899இல் சிவகாசிக் கலவரம் எழுந்ததே கோயிலுக்குள் போகும் உரிமையை நாடார்கள் கேட்டதிலிருந்துதான். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதே சமூகத்திலிருந்து விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954இல் முதலமைச்சரானார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் உள்ளே போனதை அடுத்து, அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்து சென்னை மாகாண அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊரைக் கூட்டிச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. போனார்கள், சட்டம் பின்னால் வந்து அவர்களுக்குத் துணை நின்றது.

அரசியல் பிரதிநிதித்துவத்தில் மட்டும் பெரும்பான்மையின் சம்மதம் வேறு வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தனித் தொகுதி கொடுத்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழகத்தின் ரெட்டமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். மாகாண சட்டசபைகளில் தனித் தொகுதியாக 71 இடங்கள் இருந்தது, ஒதுக்கப்பட்ட 148 இடங்களாகக் கூடியது. சென்னை மாகாணத்துக்கு அதில் 30. கூடிய இடங்களுக்கு ஈடாக, பிரதிநிதியை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கூட்டுத் தொகுதி வந்தது. நாற்காலி தலித்துக்கு. அதில் எந்தத் தலித் உட்காருவது என்பதில் பெரும்பான்மைக்கும் குரல். அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததா என்று இன்று உட்கார்ந்து சொல்வது எளிது. ஆனால் பாப்பாபட்டியில் ஊர் கைகாட்டிய ஒருவர் வென்று, ஊர் சொன்னபடி விலகியதைப் பார்க்கும்போது அந்த ஒப்பந்தத்தின் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிகிறது.

இந்த ஓட்டை தேர்தலோடு நிற்பதில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். தெருவிளக்குக்குப் பல்பு வாங்கினாலும் மோட்டார் ரிப்பேர் செய்தாலும் காசோலையில் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மை எந்தச் சாதியோ, துணைத் தலைவர் பெரும்பாலும் அந்தச் சாதி. தலித் தலைவரை ஜெயிக்கவிட்டுவிட்டு, துணைத் தலைவர் கையெழுத்தை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். தண்ணீர்த் தொட்டி மோட்டார் பழுதாகிக் கிடக்கும். பெண்கள் குடத்தோடு வந்து தலைவரைத்தான் கேட்பார்கள், துணைத் தலைவரை அல்ல. கொஞ்ச நாளில் “இவருக்கு நிர்வாகம் தெரியாது” என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பமாகிவிடும். திறமையின்மையாக வெளியே தெரிவதில் எவ்வளவு இந்த இரண்டாவது கையெழுத்திலிருந்து வருகிறது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மறுப்பு அந்த அளவில் நின்றால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கவைக்கும் ஊர் மேலவளவு. மேலூர் அருகே உள்ள அந்த ஊராட்சியும் 1996இல் ஒதுக்கப்பட்டதுதான். வன்முறையால் தடைபட்டுத் தடைபட்டு, டிசம்பர் கடைசியில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரைக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மேல்முறையீடுகளிலும் அது நின்றது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. கொட்டக்கச்சியேந்தலில் மனு போட ஆள் வரவில்லை என்று பத்திரிகையில் படித்தவர்கள், அவர்கள் ஏன் வரவில்லை என்பதை மேலவளவோடு சேர்த்துப் படித்திருக்க வேண்டும். பயந்தார்கள் என்று சொல்வது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகாது. பயப்பட வேண்டிய காரணம் இருந்தது.

பிறகு 2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவி விலகவில்லை. என்ன மாறியது? ஊர் ஒரே இரவில் மனம் திருந்திவிடவில்லை. புதிதாக வந்த தி.மு.க. அரசு இதில் உறுதியாக இருந்தது. விடுதலைச் சிறுத்தைகளும் கம்யூனிஸ்டுகளும் தலித் அமைப்புகளும் பத்தாண்டுகளாகப் பிரச்சினையை அணையவிடாமல் வைத்திருந்தார்கள். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர்களுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்தினார். ஆனால் பேச்சுவார்த்தையில் ஒதுக்கீடு இருக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடம் கொடுக்கப்படவில்லை. எப்படி நடத்துவது என்பதுதான் பேச்சு. சம்மதம் கேட்பதற்கும் ஒத்துழைப்பு கேட்பதற்கும் உள்ள தூரம் அது. சென்னையில் நடந்த சமத்துவப் பெருவிழாவில் நான்கு தலைவர்களையும் அழைத்துவந்து முதலமைச்சர் கருணாநிதி பாராட்டினார். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராமசபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

ஊர்கள் மாறியிருக்கின்றன என்பது உண்மை. மறுப்பு வேறு வடிவம் எடுத்திருக்கிறது என்பதும் உண்மை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானது, துணைத் தலைவர் மீது வழக்குப் பாய்ந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு ஆட்சியரே போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். 2021இல் திருப்பத்தூர் மாவட்டம் நாயக்கனேரியில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து ஊரே தேர்தலைப் புறக்கணித்தது. போட்டியின்றி வென்ற ஒரே பெண்ணின் பதவியேற்பும் வழக்கில் சிக்கியது. எங்கள் ஊரில் அந்தச் சாதியினரே இல்லை என்பது அங்கே சொன்ன காரணம். ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தயாரிக்கும்போது கவனம் தேவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சட்டப்படி மனு போட்டு வென்ற ஒருவரைப் பதவியேற்க விடாமல் தடுக்க அது காரணமாகாது.

ஆஸ்திரேலியாவில் கேட்கப்பட்ட அமைப்பு பூர்வகுடிகளுக்கானது. எங்கள் மாவட்டத்தின் பூர்வகுடி யார் என்று கேட்டால், மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பளியர்களைத்தான் காட்ட வேண்டும். செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, ராஜபாளையம் அய்யனார் கோயில் பகுதிகளில் சிறு எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். தேன், நெல்லி, கிழங்கு சேகரித்து வாழ்ந்தவர்கள். அந்த மலைத் தண்ணீர் வைப்பாற்று வழியாக வெம்பக்கோட்டை அணைக்கு வருகிறது. அதே ஆற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், சுடுமண் பொருட்கள் என ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆதிமனிதர் புழங்கிய கல்லைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, அமைச்சர்கள் வருகிறார்கள். காட்டை நம்பி வாழும் இன்றைய பளியரின் பேச்சைக் கேட்க எந்த மன்றம் இருக்கிறது? 2021இல் அவர்கள் வாழும் காடு திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. அவர்கள் எண்ணிக்கைக்கு ஒரு வார்டு கிடைப்பதே அரிது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே இரண்டு. இரண்டும் எங்களுக்கு வெகு தூரத்தில். 2011 கணக்குப்படி மாநிலத்தில் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவர்கள் என்றைக்கும் எங்கேயும் ஜெயிக்க முடியாது.

ஆஸ்திரேலிய மக்கள் 2023இல் வேண்டாம் என்ற அமைப்புக்கு மிக நெருங்கிய ஒன்று நம் அரசியல் சட்டத்தில் 1950 முதலே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஐந்தாம் அட்டவணையின் கீழ் வரும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு அது. பழங்குடியினர் நலன் பற்றி யோசனை சொல்வதுதான் அதன் வேலை. அதை வைக்கலாமா என்று யாரும் நாட்டு மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. அட்டவணைப் பகுதிகள் ஏதும் இல்லாத தமிழ்நாட்டிலும் அந்தக் குழு உண்டு. உறுப்பினர்கள் 20 பேருக்கு மிகாமல் இருக்கலாம், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பழங்குடி எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும், எம்.எல்.ஏ.க்கள் போதாவிட்டால் மிச்ச இடங்களை அந்தப் பழங்குடிகளைச் சேர்ந்த மற்றவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்ட தொகுதிகளே இரண்டுதான் என்பதால் மிச்ச இடங்கள் நிறையவே இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. கொட்டக்கச்சியேந்தல் பத்தாண்டு அனுபவித்த நிலைமை இது, மாவட்டத்தின் எல்லா ஊருக்கும் வந்தது. அடுத்த தேர்தலுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியல் வருவதற்கு முன், காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்து கட்டாயம் என்ற விதியைச் சட்டமன்றம் மாற்றட்டும். துணைத் தலைவருக்குப் பதிலாக வட்டார வளர்ச்சி அலுவலரின் மேற்பார்வை போதும். ஆலோசனைக் குழுவின் மிச்ச இடங்களில் ஒன்றுக்குச் செண்பகத்தோப்பிலிருந்தோ தாணிப்பாறையிலிருந்தோ ஒரு பளியரை நியமிக்கட்டும். இரண்டுக்கும் எந்த ஊரையும் கூட்டிச் சம்மதம் வாங்கத் தேவையில்லை.